ஹாலோரனை இறக்கிவிட்டது யார்?

அத்தியாயம் 14

"ஹாலோரன எறக்கி விட்டது யாரு?"

இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த விஜிலாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கேட்ட கிளாட்வின் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஹாலோரன்ப்பா?"

வேண்டுமென்றே கேட்ட கேள்விதான். அந்தப் பெயர் இந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

"நடிக்காத ஏளா. முட்டி பெசகிக் கெடக்கானே, அந்த ஹாலோரன். அமலன் டீம்ல இருந்தவன். போன வெள்ளிக்கெழம அவன எறக்கிவிட்டுட்டு வேற ஒருத்தன ஏத்திருக்கு. ஒரு வாரமா நானும் வாயத் தொறக்காமப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். யாரு செஞ்ச வேல இது?"

"அமலன் டீமு. அமலன்தான் செஞ்சிருப்பான்."

"அமலன் செய்ய மாட்டான்."

அடுப்படி வாசலில் சட்னிக் கிண்ணத்தோடு மெட்டில்டா வந்து நின்றாள். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைக் கிளாட்வின் கவனித்திருந்தால் இந்த அத்தியாயமே தேவைப்பட்டிருக்காது. அவர் கவனிக்கவில்லை.

நடுவில் சில வாரம் தவறவிட்டவர்களுக்கு இங்கே நான்கு வரி சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளாட்வின் பெரியதாழைக்காரர். சரக்குக் கப்பலில் போசனாக, அதாவது மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்தில் கோதுமை ஏற்றக் கப்பல் காத்துக் கிடந்த நாட்களில் அந்த ஊர்க் கால்பந்தைப் பார்த்துப் பித்துப் பிடித்தவர். பந்து முட்டை வடிவம். மைதானமும் முட்டை வடிவம். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் குத்தி அனுப்பலாம், அடுத்தவன் தோளில் ஏறி நின்றும் பிடிக்கலாம். குடியிருக்கும் தூத்துக்குடியில் இதைப் பற்றிப் பேச நாதி கிடையாது. ஆகையால் பெற்ற பிள்ளைகள் இரண்டையும் பிடித்துப் பழக்கிவிட்டார்.

மகன் அமலன் வேலை கிடைத்துப் பெர்த்துக்குப் போனதும், அப்பா, மகன், மகள் மூன்று பேரும் போனிலேயே கற்பனை அணி சேர்த்து ஆட ஆரம்பித்தார்கள். நிஜமாக ஆடுகிறவர்களில் ஆளுக்கு ஒரு கூட்டத்தைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் மைதானத்தில் எப்படி ஆடுகிறார்களோ அதுதான் நமக்குப் புள்ளி. யாரைத் தலைவன் என்று குறிக்கிறோமோ அவன் புள்ளி மட்டும் இரட்டிப்பாகும். ஒரே ஆளை இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளலாம். பெரிய ஆட்களாகவே வாரிப் போட்டுக்கொள்ள முடியாது, அதற்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு கெட்டிக்காரனை எடுத்தால் இரண்டு பச்சைப்பிள்ளைகளையும் சேர்த்து எடுத்தாக வேண்டும். வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்கும்வரை ஒருத்தர் அணி அடுத்தவருக்குத் தெரியாது. தொடங்கியதும் எல்லாம் தெரிந்துவிடும். அப்புறம், மறுநாள் ஆட வேண்டிய ஆட்களை மட்டும்தான் மாற்றலாம்.

இவ்வளவும் உலகத்துக்குப் பொதுவான சட்டம். போசன் வீட்டுக்கென்று தனியாக ஒன்று இருந்தது. காயம் பட்டவனை இறக்கிவிடக் கூடாது. ஆட்டப் பருவம் முடிகிறவரைக்கும் அவன் அணியிலேயே இருக்க வேண்டும், புள்ளி வந்தாலும் வராவிட்டாலும்.

"கப்பல்ல கை ஒடஞ்சவன நடுவழியில ஒரு கரையில எறக்கிவிட்டுட்டு வாரவன் போசனே இல்ல" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனாலும் கேட்டு நடப்பார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அமலனின் மனைவி ஜெனிஸ் அவனை விட்டுவிட்டுப் போனாள். ஈஸ்டர் அன்றைக்குப் போன் போட்டு, "மாதா திருவிழாவுக்கு ஊருக்கு வாரேன்ப்பா" என்றான். "வந்தா அவளோட வா. தனியா வந்து கொடிமரத்துக்குக் கீழ நின்னு எங்களத் தல குனிய வைக்காத" என்றார் கிளாட்வின். அத்தோடு அமலனின் போன் அணைந்தது. கூடத் தங்கியிருந்தவன், அறையைக் காலி பண்ணிவிட்டான் என்றான். வேலை பார்த்த இடத்தில், விலகிவிட்டார் என்றார்கள். அதற்கு அப்பால் சேதியே இல்லை.

ஆனால் அவனுடைய கற்பனை அணி மட்டும் வாராவாரம் மாறிக்கொண்டிருந்தது. கிளாட்வின் நெஞ்சில் அடைப்பு எடுத்து வீட்டுக்கு வந்த பிறகு அவரை எழுப்பி உட்கார வைத்தது மாத்திரை இல்லை, அந்த அணிதான். பிள்ளை பேசவில்லை, போகட்டும். ஆள் பொறுக்குகிறான் என்றால் சாப்பிடுகிறான், தூங்குகிறான், எங்கேயோ ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறான். அப்பாவை அவன் தோற்கடித்த வாரங்களில் கிளாட்வின் முடிவெட்டும் கடைவரைக்கும் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவார்.

அந்த அணியை மாற்றிக்கொண்டிருந்தது விஜிலா.

கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். அப்பா ஏறிய முதல் கப்பலின் பெயர்தான். மெட்டில்டாவுக்கும் விஷயம் தெரியும். "அவியளுக்குக் கொஞ்சம் தேறட்டும் பிள்ள, அப்பொறம் சொல்லிக்கிடலாம்" என்று தாய் சொன்னாள். தேறத் தேறச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது.

போன வாரம் விஜிலா செய்ததும் அப்பாவுக்காகத்தான். மூன்று வாரமாக அமலன் பக்கம் தோல்வி. அப்பா முகம் தொங்கிப்போயிருந்தது. முட்டி பிசகிக் கிடந்த ஹாலோரனைத் தூக்கிவிட்டு நல்ல காலோடு ஒருவனைப் போட்டால் அமலன் ஜெயித்துவிடுவான். வீட்டுச் சட்டம் அவளுக்கு மறக்கவில்லை. ஒரே ஒரு தடவைதானே என்று நினைத்தாள். அமலன் ஜெயித்தான். கிளாட்வின் முடிவெட்டும் கடைக்குப் போகவில்லை.

"அப்ப நான் நெனச்சது சரிதான்" என்று இப்போது அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "அமலன் போனு வேற எவன் கையிலயோ இருக்கு."

"அப்பா!"

"உசுரோட இருக்கவன் போன எவனுக்குக் குடுப்பான்?"

இட்லி அப்படியே இருக்க, எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மெட்டில்டா கிண்ணத்தை மேசையில் வைத்தாள். "சொல்லிரு" என்றாள் மெதுவாக. "நீங்க சொல்லுங்கம்மா" என்றாள் விஜிலா. ஆபீசுக்கு நேரமாகிறது என்று ஒரு சாக்கு கிடைத்ததும் விஜிலா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கோழைத்தனம்தான். அவளுக்கே அது தெரிந்தது, வழியெல்லாம் அழுதுகொண்டுதான் ஸ்கூட்டரை ஓட்டினாள்.

துறைமுகச் சாலையில் இருந்தது அவள் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சி. அன்றைக்கு நிலக்கரிக் கப்பல் ஒன்று வெளியில் நங்கூரம் போட்டு நின்றது. அதன் மாலுமிகளின் காகிதங்களைச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு பாஸ்போர்ட் படத்திலும் யாரோ ஒரு வீட்டுப் பையன் விறைத்துக்கொண்டு பார்த்தான். யார் யார் இறங்குகிறார்கள், யார் யார் ஏறுகிறார்கள் என்று எழுதும் வேலை.

மத்தியானம் மெட்டில்டா போன் செய்தாள்.

"விஜிலா, ஒங்க அப்பா வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு மாதா கோயிலுக்குப் போயிட்டாவ."

"கொடி ஏறியிருக்குல்லம்மா, கும்பிடப் போயிருப்பாவ."

"இல்ல பிள்ள. அமலன் ஆத்துமத்துக்குப் பூச எழுதிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போறாவ. பெத்த பிள்ளைய உசுரோட செத்தவன்னு எழுதிக்குடுத்துட்டு வந்தாவன்னா நான் எப்படிளா சோறு பொங்குவேன்? ஓடு பிள்ள."

"கிங்ஸ்டன் சார், வீட்ல அவசரம்" என்று மேலாளரிடம் சொன்னதுகூட அவளுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. இரண்டு பக்கமும் உப்பளம், எதிரே வரிசை வரிசையாக லாரி. இந்தச் சாலையில் இவ்வளவு லாரிகளும் இன்றைக்குத்தான் போகவேண்டுமா என்று எல்லா டிரைவர்களையும் மனசுக்குள் ஏசிக்கொண்டே வந்தாள்.

கோயில் முற்றத்தில் திருவிழாக் கூட்டம். மெழுகுதிரிக்காரர்கள், பலூன்காரர்கள், மொட்டை போட்ட குழந்தைகள். ஓரமாக ஒரு பந்தலில் மேசை போட்டு, உயிரோடு இருப்பவர்களுக்கு நலத்துக்கு என்றும் இறந்தவர்களுக்கு ஆத்துமத்துக்கு என்றும் பூசைக் கருத்துகளை எழுதிக்கொண்டிருந்தார் கோயில் கணக்கர் தேவபிரசாதம். வரிசையில் முதல் ஆளாகக் கிளாட்வின் நின்றிருந்தார். துவைத்த வேட்டி, பொத்தான் தப்பிப் போட்ட சட்டை. பின்னாலிருந்து பார்த்தபோது அவர் தோள் இவ்வளவு இறங்கியிருப்பது விஜிலாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பேரு அமலன்" என்று தேவபிரசாதம் எழுதிக்கொண்டு நிமிர்ந்தார். "போசன் அண்ணாச்சி, நலத்துக்கா, ஆத்துமத்துக்கா?"

கிளாட்வின் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நலத்துக்கா, ஆத்துமத்துக்கான்னு கேட்டேன் அண்ணாச்சி."

"அப்பா!" கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் விஜிலா அவர் கையைப் பிடித்தாள். "ஒண்ணும் எழுதவேண்டாம். இங்கன வாங்க."

"விடுளா. எனக்குத் தெரிஞ்சிருச்சு."

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஹாலோரன எறக்கி விட்டது நான்தாம்ப்பா."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரை வேப்பமரத்து நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை.

கிளாட்வின் கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டுவார், கை ஓங்குவார் என்று நினைத்தாள்.

"அப்ப என்னைய தோக்கடிச்சதெல்லாம் நீதானா?"

"ஆமாப்பா."

"மே மாசம் நான் ஆசுபத்திரில கெடந்தப்ப, பெரிய ஆட்டக்காரன விட்டுட்டு யாருக்கும் தெரியாத சின்னப்பய ஒருத்தனத் தலைவனாப் போட்டு ஜெயிச்சானே. அது?"

"நான்தான்."

"என் மவன் மூளையப் பாத்தியான்னு நர்சுகிட்ட காட்டினேன்ளா" என்றார். மரத்தடித் திண்டில் மெதுவாக உட்கார்ந்தார். "ஈஸ்டருக்கு அப்பொறம் அவன்ட்ட இருந்து ஒண்ணுமே இல்லையா? ஒண்ணு கூடவா?"

"இல்லப்பா."

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். விஜிலாவுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அப்பா கையில் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிற்றையும் தானே அறுத்துவிட்டோம் என்றுதான் தோன்றியது. அந்த ஆத்திரத்தில், இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்ததும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

"ஹாலோரன எறக்கினதுக்கு இவ்வளவு கேள்வி கேக்கீயளேப்பா. அமலன எறக்கி விட்டது யாரு? அவனும் அடிபட்டுத்தான கெடந்தான்? வீட்டுக்கு வாரேன்னு கேட்டவன வராதன்னு சொன்னது யாரு?"

சொன்ன பிறகுதான் பயந்தாள். நெஞ்சில் அடைப்பு எடுத்த மனிதர். ஆனால் கிளாட்வின் நெஞ்சைப் பிடிக்கவில்லை. சட்டையில் தப்பிப் போட்ட பொத்தானைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். வாய்விட்டு அழத் தெரியாத ஆள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"நான்தான்" என்றார் கடைசியில்.

கோயில் ஒலிபெருக்கியில் யாரோ காணாமல்போன குழந்தைக்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிவப்புச் சட்டை, காலில் கொலுசு.

"ஹாலோரனத் திரும்ப எடு" என்றார் கிளாட்வின்.

"எதுக்குப்பா? அவன் இந்த வருசம் ஆடவே மாட்டான்னு சொல்லுதாங்க."

"ஆடாட்டி இருக்கட்டும். அமலன் டீம்ல அவன் இருக்கணும். ஆட்டம் ஆரம்பிக்க முந்தி எடு."

அங்கே ராத்திரி ஆட்டம் என்றால் நமக்குப் பிற்பகல். இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. விஜிலா போனை எடுத்து அமலனின் கணக்கைத் திறந்தாள். முதல் கப்பலின் பெயரை அடித்தாள். தவறு என்றது. வெயிலில் கண் கூசுகிறது என்று நிழலுக்குள் இன்னும் தள்ளி நின்று மறுபடி அடித்தாள். தவறு. ஒவ்வொரு எழுத்தாக, அப்பாவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி அடித்தாள். மறுபடியும் தவறு.

"என்னளா?"

"தொறக்க மாட்டேங்கி. போன வெள்ளிக்கெழம இதே பேரப் போட்டுத்தான் தொறந்தேன்." போனை அப்பா பக்கம் திருப்பிக் காட்டினாள். "யாரோ மாத்திருக்காங்க."

அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ என்றால் யார்? அந்தப் பெயரை வாயால் சொல்ல இரண்டு பேருக்குமே பயமாக இருந்தது. மேற்கொண்டு செய்ய ஒன்றுமில்லாமல், அந்தத் திண்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் தொடங்கக் காத்திருந்தார்கள். மெட்டில்டாவின் போன் வந்தது. விஜிலா எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது?

அங்கே நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழுப்பினார். இங்கே மூன்று அணிகளும் திறந்தன.

விஜிலா அமலனின் அணியை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். தடுக்கிறவர்கள் அவள் விட்டபடியே இருந்தார்கள். பந்துக்கு எம்பும் நெட்டையர்கள் மாறவில்லை. நடுக்களத்தில், போன வாரம் அவள் போட்ட நல்ல கால்காரனைக் காணோம்.

அந்த இடத்தில் ஹாலோரன் இருந்தான். பெயருக்குப் பக்கத்தில் காயம் பட்டவன் என்பதற்கான சிவப்புக் குறி. அதற்குப் பக்கத்தில் தலைவன் என்ற குறி.

ஆடவே முடியாத ஒருவனைத் திரும்ப வாங்கி, அவனையே தலைவனாகவும் போட்டிருக்கிறான். உலகத்தில் புத்தியுள்ள எவனும் இதைச் செய்யமாட்டான். இந்த வீட்டில் வளர்ந்தவன் மட்டும்தான் செய்வான்.

"உசுரோட இருக்கான்ப்பா" என்றாள். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அமலன்தான். நான் எறக்கினதப் பாத்திருக்கான். அப்ப இத்தன நாளும் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கான்."

கிளாட்வின் அவள் கையிலிருந்து போனை வாங்கி முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. விஜிலாதான் இறக்கிவிட்டாள். ஹாலோரனின் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் அவளும் பார்த்தாள்.

வரவில்லை.

"சரி. இருக்கான்" என்றார். "நாம உள்ள போக முடியாம சாவிய மாத்திட்டும் இருக்கான்."

அவளுக்கு அப்போதுதான் அது முழுதாக உறைத்தது. எத்தனையோ நாள் அவள் அவன் அணிக்குள் வந்துபோவதை அவன் பார்த்திருக்கிறான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொல்லி அவள் அனுப்பிய சேதிகளையும் ஒருவேளை பார்த்திருப்பான். ஒரு வார்த்தை எழுதவில்லை. இன்றைக்குத்தான் வாய் திறந்திருக்கிறான், அதுவும் கதவைச் சாத்துவதற்காக. காணாமல்போனவனை இத்தனை நாள் தேடினார்கள். இனி, வேண்டாம் என்று இருக்கிறவனை எங்கே போய்த் தேடுவது?

"போசன் அண்ணாச்சி!" பந்தலிலிருந்து தேவபிரசாதம் கூப்பிட்டார். "அரையுங்கொறையுமா எழுதி வச்சிருக்கேன். நான் சாப்பிடப் போவணும். நலத்துக்கா, ஆத்துமத்துக்கா?"

"நலத்துக்கு" என்றார் கிளாட்வின். குரல் அங்கே எட்டவில்லை. விஜிலா எழுந்து உரக்கச் சொன்னாள்.

திரும்பி வந்தபோது அவர் தன் போனை மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தார். தன் அணியில் நடுக்களத்து ராஜா என்று அவர் கொண்டாடும் ஆளை, பருவத்தின் முதல் வாரத்திலிருந்து ஒரு நாளும் விட்டுக்கொடுக்காத ஆளை, இறக்கினார். அந்த இடத்தில் ஹாலோரனைத் தேடி எடுத்தார். இரண்டு பேரின் அணிகளுக்கும் ஆட்டம் நாளைக்குத்தான், ஆகையால் இன்னும் மாற்ற வழி இருந்தது. பிறகு தலைவன் குறியையும் கொண்டுபோய் அவன்மேல் வைத்தார்.

"அப்பா, அவனுக்கு ஒரு புள்ளிகூட வராது."

"தெரியும். அவன்கிட்டப் பேச எனக்கு வேற எடம் இல்ல பிள்ள."

மாற்றம் ஏற்கப்பட்டது என்று போன் சொன்னது. கிளாட்வின் அதை அணைக்காமல், வெளிச்சம் போகப் போக விரலால் தொட்டுத் தொட்டு எழுப்பிக்கொண்டே இருந்தார். கொடிமரத்துக்குக் கீழே வெளியூர்ப் பிள்ளைகள் பெற்றவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு அவன் இதத் தொறந்து பாப்பானா?"

ஈஸ்டரிலிருந்து இந்த மனிதருக்கு வாராவாரம் ஒரு பொய் சொல்லி வந்தவள் விஜிலா. நல்ல பொய், பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய பொய். இன்றைக்கு ஒன்றுகூடக் கைவசம் இல்லை.

"தெரியலப்பா" என்றாள்.